பாட்டு வழியே வெளிநாட்டு மொழி: தில்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எல்லோரும் தில்லித் தமிழர்கள். ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ஒருவர், கல்லூரி மாணவிகள் இருவர், மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் என்று கலவையான கூட்டம். ஆளுக்கொரு வெளிநாட்டு மொழியைப் பாட்டும் தொடரும் கேட்டுக் கற்கிறோம். வேலைக்கென்றோ விசாவுக்கென்றோ யாரும் வரவில்லை. பிடித்திருக்கிறது, படிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பதினோரு வருடமாகக் கொரிய மொழியும் நான்கு வருடமாக ஸ்பானிஷும் படிக்கிறேன். ஆகவே கொரியத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன்.

பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தால் மொழி வந்துவிடுமா?

வராது. இதற்குச் சான்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. தியாகராஜர் திருவையாற்றில் காவிரிக் கரையில் வாழ்ந்தவர், பாடியது பெரும்பாலும் தெலுங்கில். அந்தக் கீர்த்தனைகளைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறோம். என் அத்தை நாற்பது வருடம் பாடினார். ஸ்வரம் பிசகாது, தாளம் பிசகாது, சொல்லும் ஏறக்குறையச் சரியாகவே விழும். ஆனால் ஒருமுறை விஜயவாடா ரயில் நிலையத்தில் குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தெலுங்கில் கேட்க அவருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. நாற்பது வருடம் அந்த மொழி அவர் வாயில் இருந்தும் பேச்சாகவில்லை. எந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

என் அம்மா கதை வேறு. 1974-இல் கல்யாணமாகி கரோல் பாகுக்கு வந்தபோது அவருக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. சமையலறையில் ரேடியோ இருந்தது, அதில் விவித் பாரதி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டில் ஒரு சொல் காதில் தங்கிவிட்டால், வடாம் காயவைக்க மொட்டை மாடிக்குப் போகும்போது அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டு போவார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் அதைச் சொல்லிக் கையை விரிப்பார். அந்த அம்மா நடித்துக் காட்டி விளக்குவார். ஒரு நாளுக்கு ஒரு சொல். இரண்டு வருடத்தில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு அம்மாவுக்கு ஹிந்தி வந்துவிட்டது. அத்தை கேட்காததை அம்மா கேட்டார். இந்தப் பக்கத்தில் இனி நான் சொல்வதெல்லாம் அம்மா மாடியில் செய்த அந்தக் காரியத்தின் விரிவுதான்.

எந்த மொழியை எடுப்பது?

கற்கும் எண்ணமே இல்லாமல் எந்த மொழிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டீர்களோ, அதை. எதிர்காலத்தில் உதவும் என்று தேர்ந்தெடுத்த மொழியை எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட ஆறு மாதத்துக்கு மேல் தொடரவில்லை.

தமிழ் தெரிந்தவர்களுக்குக் கொரியம் எளிது, நம் சொற்களே அதில் நிறைய இருக்கின்றன என்கிறார்களே?

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அங்கே ‘ஓம்மா’, அப்பாவுக்கு ‘அப்பா’, நாளுக்கு ‘நல்’, புல்லுக்கு ‘புல்’. கேட்டதும் மனம் குதிக்கத்தான் செய்யும், எனக்கும் குதித்தது. ஆனால் குழந்தையின் உதட்டில் முதலில் வரும் ஒலிகள் ம, ப என்பதால் அம்மா அப்பா போன்ற சொற்கள் உலகெங்கும் இருக்கின்றன. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்ற கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களை நம்பிப் படிக்கத் தொடங்கினால், நூறாவது சொல்லில் ஏமாற்றமே மிஞ்சும்.

வாக்கியம் கட்டும் விதத்தில் கிடைக்கும் உதவி உண்மையானது. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு போல ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் சேரும். ‘நான் தில்லியில் சோறு சாப்பிட்டேன்’ என்ற வரிசையிலேயே கொரியரும் சொல்வார். ஹிந்தியில் நம்மைப் படுத்தும் ஆண்பால் பெண்பால் பெயர்ச்சொற்கள் அங்கே கிடையாது.

இதைவிட நான் வியந்தது ஒலி. ‘தாதா’ என்று எழுதினால் முதல் த வல்லோசை, இரண்டாவது மெல்ல ஒலிக்கும். ‘தாத்தா’ என்றால் இரண்டாவது அழுத்தமாக விழும். எழுத்து ஒன்று, இடத்துக்கு ஏற்ப ஓசை மாறுகிறது. கொரியத்திலும் இதே பழக்கம் உண்டு. தொடர்களில் ஓயாமல் காதில் விழும் ‘பாபோ’ (முட்டாள் என்று பொருள்) என்ற சொல்லில் இரண்டும் ஒரே எழுத்துதான். சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை, நடுவில் மெல்லோசை. மற்றவர்களுக்கு இதை விதியாகச் சொல்லித் தர வேண்டும், நமக்கு நாக்கிலேயே இருக்கிறது.

பேச்சு வழக்கிலும் நெருக்கம் தெரியும். ‘பப் மொகொஸ்ஸொ?’ என்றால் சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். அதையே நலம் விசாரிக்கவும் சொல்வார்கள், நாம் ‘சாப்டாச்சா?’ என்பது போல. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒரு பெண் தன்னைவிட மூத்த பெண்ணை ‘ஒன்னி’ என்பாள், மூத்த ஆணை ‘ஒப்பா’ என்பாள். உறவே இல்லாதவரையும் அக்கா அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

எழுத்து கற்காமல் தமிழிலேயே எழுதி வைத்துப் படிக்கக் கூடாதா?

முதல் வாரம் வேண்டுமானால் செய்யலாம். இந்தப் பக்கத்தில் நானும் அப்படித்தான் எழுதுகிறேன், வேறு வழியில்லை. ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். தில்லித் தமிழர்களுக்கு ஓர் உதாரணம் போதும்: ஹிந்தியில் உணவுக்கும் பாட்டுக்கும் உள்ள இரண்டு சொற்களையும் தமிழில் ‘கானா’ என்றே எழுத முடியும். கொரியத்தில் இன்னும் ஒரு படி அதிகம். நிலா, மகள், முகமூடி ஆகிய மூன்றையும் தமிழில் ‘தல்’ என்றுதான் எழுத முடியும். அங்கே மூன்றுக்கும் முதலெழுத்து வேறு, ஓசையும் வேறு.

கொரிய எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். அடிப்படை மெய் 14, உயிர் 10. ஒரு சனி ஞாயிறில் படித்துவிடலாம், நான் மிகைப்படுத்தவில்லை. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும், நம் உயிர்மெய் போல. நாம் உயிர், மெய் என்கிறோம். அவர்கள் உயிரைத் ‘தாய் ஒலி’ என்றும் மெய்யைச் ‘சேய் ஒலி’ என்றும் பொருள்படும் சொற்களால் குறிக்கிறார்கள். க-வுக்கான எழுத்தின் வடிவம், நாவின் அடிப்பகுதி தொண்டையை அடைக்கும் தோற்றத்தைப் பார்த்து வரைந்தது. தொல்காப்பியத்துப் பிறப்பியல் க பிறக்கும் இடத்தை நாவின் அடியும் அண்ணமும் என்று சொல்லும். வாயைக் கூர்ந்து கவனித்த இரண்டு கூட்டத்தார் ஒரே இடத்தைச் சுட்டியிருக்கிறார்கள். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜப்பானிய மொழிக்கு இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிராகனாவில் அடிப்படை எழுத்து 46. அவற்றின் வரிசையைச் சொல்லிப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பழைய ஜப்பானியத்தில் அந்த ஹ, ப ஆக இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் க ச த ந ப ம ய ர வ, அதாவது நம் அரிச்சுவடியின் வரிசையேதான். பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய எழுத்துமுறையின் ஒழுங்கு அங்கே போனதால் வந்த ஒற்றுமை இது. சீனத்திலிருந்து வந்த ‘கான்ஜி’ எழுத்துக்களைப் பற்றி நான் பேச மாட்டேன், அதற்குப் பாட்டு உதவாது. தினமும் உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஸ்பானிஷ்?

ஓசை நமக்கு எளிது. ஞ இருக்கிறது, வல்லினத்தை நம்மைப் போலவே மூச்சைத் தள்ளாமல் சொல்கிறார்கள். ஒற்றை ‘ர’ போட்டால் ‘ஆனால்’, உருட்டிய ‘ற’ போட்டால் ‘நாய்’ என்று ஒரு சொல் இணை உண்டு: பெரோ, பெறோ. நாகர்கோவில்காரர்கள் ர-வையும் ற-வையும் பிரித்துச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். பெயர்ச்சொற்களின் பால் பிரிவில் திண்டாட்டம் உண்டு. ஹிந்தியில் பட்ட பாட்டை இன்னொரு முறை படவேண்டும்.

சரி, ஒரு பாட்டை எடுத்து என்னதான் செய்ய வேண்டும்?

மெதுவான பாட்டாக எடுங்கள். நடனப் பாட்டுகளில் பாதி ஆங்கிலம், மீதி மூச்சுவிடாத வேகம். தொடர்களில் நாயகன் நாயகி பிரியும்போது பின்னணியில் ஓடும் பாட்டுகள் கற்க ஏற்றவை. வரிகள் குறைவு, திரும்பத் திரும்ப வரும்.

மூன்று நாள் வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். நான்காம் நாள், காதில் விழுந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள், தப்பாக இருந்தால் பரவாயில்லை. பிறகு உண்மையான வரிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நீங்கள் தப்பாகக் கேட்ட இடங்கள்தான் உங்கள் பாடம், மற்றவற்றை விட்டுவிடலாம். அடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் பார்த்து, வினையின் கடைசியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பிரியுங்கள். பிறகு மெட்டு இல்லாமல் வரிகளைப் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மெட்டு குறிலை நெடிலாக இழுக்கும். மாண்டரின் சீனப் பாட்டில் சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் தொனியே பெரும்பாலும் மெட்டுக்குள் கரைந்துவிடும். பாட்டில் கேட்டபடியே பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

கடைசியாக ஒரு வரியை எடுத்து உங்கள் வாழ்க்கைக்குக் கொண்டுவாருங்கள். கொரியக் காதல் பாட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர் ‘போகோ ஷிபோ’. ஆங்கில சப்டைட்டில் இதை வேறு விதமாக மாற்றிவிடும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘பார்க்கணும் போல இருக்கு’. பிரிந்தவரை நினைத்து ஏங்கும்போது தமிழில் நாம் சொல்வதும் அதையேதான். ‘போகோ’ இருந்த இடத்தில் ‘மொக்கோ’ போட்டால் சாப்பிடணும் போல இருக்கு. ‘காகோ’ போட்டால் போகணும் போல இருக்கு. ஒரு பாட்டு வரியிலிருந்து அன்றைக்கு எனக்கு இருபது வாக்கியங்கள் கிடைத்தன. ஊருக்குப் போகணும் போல இருக்கு என்பதுதான் நான் கொரியத்தில் யோசித்துச் சொன்ன முதல் வாக்கியம்.

இப்படி ஒரு பாட்டுக்கு இரண்டு வாரம் ஆகும். வருடத்துக்கு இருபது பாட்டு ஆனால் நிறைவு.

சப்டைட்டில் போட்டுத் தொடர் பார்க்கலாமா? தமிழ் டப்பிங் இருக்கிறதே?

டப்பிங் பார்ப்பது ஆசையை வளர்க்கும். புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் போடத் தொடங்கியபோதுதான் எங்கள் கூட்டத்து மாணவி ஒருத்தியின் பாட்டிக்கே கொரியா அறிமுகமானது. மொழி வருவதற்கு மூல ஒலி வேண்டும்.

ஒரு முழு அத்தியாயத்தை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. கதையை உங்களுக்குத் தெரிந்த மொழி சப்டைட்டிலோடு பார்த்து முடியுங்கள். அதில் பிடித்த ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். கற்கும் மொழியின் சப்டைட்டிலோடு மறுபடி ஒருமுறை, பிறகு எதுவும் இல்லாமல் ஒருமுறை. கடைசியில் பேசுபவரின் பின்னாலேயே, அரை நொடி தள்ளி, அதே ஏற்ற இறக்கத்தோடு நீங்களும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பழகிவிடும்.

தொடரில் கேட்டதை அப்படியே பேசலாமா?

கூடாது. அம்மாவையே மறுபடி சொல்கிறேன். 1987-இல் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியபோது ஞாயிறு காலை அம்மா நகர மாட்டார். அதில் வந்த ‘ஆக்யா’ என்ற சொல்லை அடுத்த நாள் மாடியில் சொன்னபோது, பஞ்சாபி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது அரண்மனைப் பேச்சு, சந்தையில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று புரியவைத்தார். ஒவ்வொரு தொடருக்கும் அதற்கான பேச்சு உண்டு. எந்த வயதில், யார், யாரிடம் பேசுகிறார் என்று கவனிக்காமல் சொல்லை எடுத்தால் தப்பாகிவிடும்.

எனக்கு அது நடந்தது குருகிராமில். ஒரு கொரிய மளிகைக் கடையில், கல்லாவில் இருந்த அறுபது வயது அம்மையாரிடம் தொடர்களில் கேட்ட ‘கோமாவோ’ என்ற நன்றியைச் சொன்னேன். அது தோழிக்குச் சொல்வது. நம் ஊரில் பெரியவரிடம் ‘வா, போ’ என்று பேசினால் எப்படி இருக்கும்? அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு ‘கம்சாஹம்னிதா’ என்று மெதுவாக எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நீ, நீங்கள் வேறுபாட்டோடு வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தத் தொடரிலும் மருமகள் மாமியாரிடம் பேசும் காட்சிகளையும், அலுவலகத்தில் சின்னவர் பெரியவரிடம் பேசும் காட்சிகளையும் தனியாகக் குறித்துவைத்துப் பார்க்கிறேன். ஜப்பானியக் கார்ட்டூனான அனிமே பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். சண்டைக்காரப் பாத்திரம் தன்னைச் சொல்லும் ‘ஒரே’யும் எதிராளியைச் சொல்லும் ‘ஒமாஎ’யும் ஆசிரியரிடம் எடுபடாது.

தில்லியில் எங்கே போய்க் கேட்பது?

இந்த விஷயத்தில் தில்லிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மூல்சந்த் மெட்ரோவில் இறங்கினால் லாஜ்பத் நகர் ரிங் ரோடிலேயே கொரியக் கலாசார மையமும் ஜப்பான் ஃபவுண்டேஷனும் இருக்கின்றன. கஸ்தூர்பா காந்தி மார்கில் ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன், லோதி எஸ்டேட்டில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் ஃபிரான்ஸேஸ், கன்னாட் பிளேஸ் ஹனுமான் ரோடில் ஸ்பானிஷுக்கு இன்ஸ்டிடூட்டோ செர்வாந்தேஸ். வகுப்பில் சேராவிட்டாலும் படக்காட்சி, இசை நிகழ்ச்சி என்று அங்கே போக வழி உண்டு. கட்டணமும் சேர்க்கைத் தேதியும் மாறும், அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த செலவில் சான்றிதழ் வேண்டுபவர்கள் இக்னோவைப் பார்க்கலாம்.

தனியார் வகுப்புகளில் ஒரு எச்சரிக்கை. நான் ஓரிடத்தில் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். இரண்டாம் மாதம் ஆசிரியர் மாறினார், நான்காம் மாதம் வகுப்பே நின்றது, பணம் திரும்பி வரவில்லை. மாதாமாதம் கட்டும் வசதி இல்லாத இடத்தில் சேராதீர்கள்.

வீட்டிலிருந்தே கேட்க: ஜெர்மனுக்கு ‘டாய்ச்ச வெல்லெ’ ஒலிபரப்பு நிறுவனம் நிதானமாக வாசிக்கும் செய்திகளை எழுத்துவடிவத்தோடு தருகிறது. பிரெஞ்சுக்கு ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி, பத்து நிமிடம். ஜப்பானியத்துக்கு என்.எச்.கே. ஒலிபரப்பின் எளிய பாடங்கள். மூன்றும் இலவசம்.

எத்தனை நாளில் பேச வரும்?

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஸ்பானிஷுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரம், கொரியம், ஜப்பானியம், சீனம், அரபு போன்றவற்றுக்கு 2,200 மணி. ஆனால் அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு, வேலையாகவே உட்கார்ந்து படிப்பவர்களுக்கான கணக்கு. வினையைக் கடைசியில் வைப்பதற்கே அவர்கள் பல மாதம் பழக வேண்டும், நமக்கு அந்தச் சிரமம் இல்லை. எனக்குத் தினமும் ஐம்பது நிமிடம் கிடைத்தது, மெட்ரோவில் போக வர. மூன்றாம் வருடத்தில்தான் சப்டைட்டில் இல்லாமல் ஒரு காட்சி முழுதாகப் புரிந்தது. அன்றைக்கு இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

தேர்வு எழுத வேண்டுமா?

விருப்பம் இருந்தால். ஜப்பானியத்துக்கான ஜே.எல்.பி.டி. தேர்வில் என்5 கீழ்ப்படி, என்1 உச்சி. கொரியத்துக்கான டோபிக் தேர்வின் முதல் பிரிவில் கேட்டலும் வாசித்தலும் மட்டுமே, மொத்தம் 200 மதிப்பெண், 80 எடுத்தால் முதல் நிலை. இரண்டிலும் பேச்சு கிடையாது. தேர்ச்சி பெற்றுவிட்டு ஒரு வார்த்தை பேச வராதவர்களை எனக்குத் தெரியும். பொழுதுபோக்காகக் கற்பவருக்குத் தேர்வு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு வயது 58. இனிமேல் முடியுமா?

எங்கள் கூட்டத்து ஓய்வுபெற்ற அலுவலருக்கு 66. உச்சரிப்பு மெதுவாகத்தான் வருகிறது. பொருள் கேட்பதில் அவரளவுக்கு யாரும் விடாப்பிடியாக இல்லை.

பிள்ளைகளுக்குத் தமிழே சரியாக எழுத வரவில்லை. இதில் வெளிநாட்டு மொழி தேவையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் வலி எனக்குப் புரியும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் சேர்க்காத பிள்ளைகளுக்கு, வீட்டில் பேசும் தமிழோடு நின்றுபோகிறது. என் மகளும் அப்படித்தான் வளர்ந்தாள். பதினான்கு வயதில் கொரியப் பாட்டுக்காக ஹங்குல் கற்றாள். ஒருநாள் என்னிடம் வந்து, ‘அம்மா, நம்ம க-வுக்குக் கால் போட்டா கா ஆகுற மாதிரிதானே இதுவும்?’ என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்த நாங்கள் இருவரும் மூன்று மாதத்தில் தமிழ் உயிர்மெய் முழுவதையும் எழுதி முடித்தோம். பெயருக்குப் பின் ஒட்டு வரும் என்று கொரியப் பாடத்தில் படித்ததும், வேற்றுமை உருபு என்ன என்று அவளாகவே கேட்டாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மொழி இன்னொன்றின் இடத்தைப் பிடுங்குவதை நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1998-இல் ‘முத்து’ படம் ஜப்பானில் ஓடியபின், தமிழ்ப் பாட்டு வரிகளுக்குப் பொருள் தேடித் தமிழ் கற்ற ஜப்பானியர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளை அங்கே போகும் வழியில்தான் அவர்கள் இங்கே வந்தார்கள் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள்.

பேசிப் பழக ஆள் இல்லையே?

குருகிராமில் கொரியரும் ஜப்பானியரும் வசிக்கிறார்கள், அவர்களின் மளிகைக் கடைகளும் உணவகங்களும் உண்டு. மஜ்னு கா டீலாவில் கொரிய உணவுக்காகவே கூடும் இளைஞர்களில் பலர் என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள். வடகிழக்கு மாநிலத்துத் தோழிகளிடமும் கேளுங்கள். மணிப்பூரில் 2000-இல் ஹிந்திப் படங்கள் நின்றபின் கொரியத் தொடர்கள் வீடுகளுக்குள் வந்தன. அங்கே பலருக்கு அது சிறுவயதுப் பழக்கம். யாரும் கிடைக்காவிட்டால் ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

வருவதானால் என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு நோட்டு, ஒரு பேனா, குறைந்தது பத்து முறை கேட்ட ஒரு பாட்டு, அதில் பொருள் தெரியாமல் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சொல். மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவோம். காபி போட்டுத் தருவது அம்மா.